காப்பிக் கொட்டையின் ஊரும் பேரும்

பொருளுக்கு ஊரின் பெயரைச் சூட்டி வழங்குதல் தமிழ்நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். சேலத்து மாம்பழம், பண்ணுருட்டிப் பலா, மணப்பாறை முறுக்கு, திண்டுக்கல் பூட்டு என்று சொல்லுங்கால், அப்பொருள் இன்ன இடத்தில் விளைந்தது அல்லது செய்யப்பட்டது என்பதும், அவ்விடத்து மண்ணும் நீரும் கைத்திறமும் அதற்கொரு தனிச்சிறப்பைத் தந்தன என்பதும் ஒருங்கே விளங்குகின்றன. ஆதலின் ஊர்ப்பெயர் என்பது ஒருவகைச் சான்றாகும். அச்சான்று மெய்யாயிருப்பின் வாங்குவோனுக்கும் விளைப்போனுக்கும் நன்மை உண்டு. பொய்யாயிருப்பின் இருவர்க்கும் நட்டமே.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரையுள்ள நெடுஞ்சாலையில் பிரயாணம் செய்வோர், இருமருங்கும் 'கும்பகோணம் டிகிரி காப்பி' என்று எழுதிய பலகைகளைக் கண்டிருப்பர். பித்தளை டவராவில் நுரை ததும்ப வரும் அக்காப்பியை அருந்தி இளைப்பாறாதவர் நம்மில் சிலரே. ஆயினும், கும்பகோணம் காவிரி பாயும் நெல்வயற் பூமியேயன்றிக் காப்பி விளையும் பூமியன்று. அப்பெயர் பாலும் டிகாக்ஷனும் சேரும் பக்குவத்தைக் குறிப்பதேயல்லாமல், கொட்டை பிறந்த இடத்தைக் குறிப்பதன்று. இஃது ஒருபுறமிருக்க, அண்மைக் காலத்தில் ஒரே மலையில், சில வேளை ஒரே தோட்டத்தில் விளைந்த கொட்டையைப் பிறவற்றோடு கலவாமல் தனியே வறுத்து, அம்மலையின் பெயரையே பொட்டலத்தில் அச்சிட்டு மிகுந்த விலைக்கு விற்கும் வழக்கம் பரவி வருகின்றது. இவ்வழக்கம் எங்ஙனம் தோன்றிற்று, இடையில் ஏன் மறைந்தது, மீண்டும் ஏன் தலையெடுத்தது என்பவற்றை அன்பர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். அன்றியும், இச்சரித்திரத்தில் நம் தென்னார்க்காட்டுச் சீமையின் மக்களுக்கும் பங்குண்டு. அப்பங்கு பெரும்பாலும் எழுதப்படாமலே போயிற்று.

மோக்காவும் பூர்போனும்

காப்பிச் செடியின் தாயகம் ஆப்பிரிக்கா கண்டத்தைச் சேர்ந்த எத்தியோப்பியா தேசத்து மலைக்காடுகளாகும். அங்கிருந்து செங்கடலைக் கடந்து யெமன் தேசத்து மலைச்சரிவுகளில் அது பயிராக்கப்பட்டது. அம்மலைகளின் கொட்டைகள் மோக்கா என்னும் துறைமுகத்தில் கப்பலேறியபடியால், உலகமுழுதும் அதனை 'மோக்கா' என்றே அழைத்தது. உண்மையில் மோக்கா வெப்பம் மிகுந்த கடற்கரைப் பட்டினம்; காப்பி விளைந்ததோ உள்நாட்டு மலைகளில். ஆகவே காப்பிக்கு முதன்முதல் வாய்த்த பெயரே அதனை விளைத்த மலையின் பெயரன்று, விற்ற துறைமுகத்தின் பெயர். இதனை அன்பர்கள் மனத்தில் இருத்தவேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கும் இதுவே முன்மாதிரியாயிற்று.

நம் தேசத்திற்குக் காப்பி வந்த வரலாறு ஒரு பக்தரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றது. பதினேழாம் நூற்றாண்டில் மக்காவுக்கு யாத்திரை சென்று திரும்பிய பாபா புடன் என்னும் பெரியார், யெமனிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொணர்ந்து மைசூர் நாட்டுச் சிக்கமகளூரை அடுத்த மலையில் விதைத்தார் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. அம்மலை இன்றும் பாபா புடன் கிரி என்றே வழங்குகின்றது. ஏழு என்னும் எண் எங்ஙனமாயினும், அம்மலைப் பக்கத்தில் காப்பி நெடுங்காலமாகப் பயிராகி வருதல் மெய்.

மலையாளக் கரையிலிருந்து டச்சுக்காரர் காப்பிச் செடிகளை ஜாவா தீவுக்குக் கொண்டுபோயினர். 1696-ஆம் ஆண்டில் கொண்டுபோனவை அழிந்துபட, 1699-இல் மீண்டும் கொண்டுபோனவை வேரூன்றித் தழைத்தன. ஜாவாவிலிருந்து 1706-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துத் தோட்டத்திற்கு ஒரு செடி சென்றது. அதன் வழிவந்த செடியொன்று 1714-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்குக் காணிக்கையாயிற்று. அமெரிக்காக் கண்டத்துக் காப்பியிற் பெரும்பகுதி இவ்வழியில் பிறந்ததேயாகும்.

மற்றொரு வழி நமக்கு இன்னும் அணுக்கமானது. விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் அண்மையிலுள்ள புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக் கம்பெனியாரே, இந்து மகாசமுத்திரத்திலுள்ள பூர்போன் என்னும் தீவையும் ஆண்டனர். அவர்கள் 1715-இல் மோக்காவிலிருந்து காப்பிச் செடிகளை அத்தீவுக்குக் கொண்டுவந்தனர். அவற்றின் வழித்தோன்றல்கள் பிற்காலத்தில் பிரேசில் முதலிய தேசங்களிற் பரவ, 'பூர்போன்' என்பது ஒரு செடிவகையின் பெயராகவே நிலைத்துவிட்டது. தீவோ பின்னர் ரெயூனியன் என்று பெயர் மாறிற்று. புயல்களால் காப்பித் தோட்டங்கள் சிதைந்து கரும்பு அவ்விடத்தைக் கவர்ந்துகொண்டது. 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின், 1860-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர் பலர் ஒப்பந்தக் கூலிகளாய் அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றப்பட்டனர். 1882-இல் அவ்வேற்றுமதி நிறுத்தப்பட்டது. அங்கு சென்றவர் வமிசத்தார் இன்றும் அத்தீவில் 'மலபார்' என்று அழைக்கப்படுகின்றனர். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து சென்ற தமிழருக்கு மலையாளக் கரையின் பெயர்! கப்பலேற்றியவர் வாயில் வந்த பெயரே அவர்க்கு ஊர்ப்பெயராயிற்று.

சேர்வராயன் மலை

நிற்க, நம் ஜில்லாவுக்கு மேற்கே திரும்புவோம். விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி மார்க்கமாகச் சேலத்திற்குச் செல்லும் சாலையின் வடபால் கல்வராயன் மலை தொடர்ந்து நிற்கும். அதற்கும் மேற்கே சேலம் நகருக்கு அருகிலுள்ளது சேர்வராயன் மலை. நம்மவர்க்கு அணித்தான பெயர்பெற்ற காப்பி மலை இதுவே. 1820 முதல் 1829 வரை சேலம் ஜில்லாக் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பியையும் பேரி முதலிய பழமரங்களையும் பயிராக்கத் தொடங்கினார். ஏற்காடு சுமார் 5,000 அடி உயரத்திலுள்ளது. பின்னர் நீலகிரி, ஆனைமலை, பழனிமலை ஆகியவற்றிலும் காப்பித் தோட்டங்கள் பெருகின.

மலைக்கு மலை கொட்டையின் சுவை வேறுபடுதற்குக் காரணம் மறைபொருளன்று. அராபிகா என்னும் உயர்ந்த சாதிக் காப்பி குளிர்ந்த மலைகளில் செழிக்கும். ரொபஸ்டா என்பது தாழ்ந்த இடத்து வெப்பத்தைத் தாங்கும். உயரம் மிகமிகக் குளிர் மிகும். குளிர் மிகமிகப் பழம் மெல்லப் பழுக்கும். மெல்லப் பழுத்த பழத்தின் கொட்டை இறுகிக் கெட்டிப்பட்டு மணமும் இன்புளிப்பும் பெறும். இதனோடு மண், மழை, நிழல்மரம், பழத்தின் தோலை நீக்கி ஊறவைத்துக் கழுவி உலர்த்தும் முறை ஆகியவையும் சேர்ந்து ஒவ்வொரு மலைக்கும் ஒரு தனிச்சுவையை அளிக்கின்றன. நம் ஊரிலேயே ஏரிப்பாசன நெல்லுக்கும் மானாவாரி நெல்லுக்கும் சோற்றில் வேற்றுமை காணும் நம் தாய்மார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இலங்கைக் காப்பியும் தென்னார்க்காட்டு மக்களும்

இன்று இலங்கை என்றவுடன் தேயிலையே நினைவுக்கு வரும். ஆயினும் தேயிலைக்கு முன்னர் அத்தீவு காப்பித் தீவாயிருந்தது. 1815-இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820-களில் அம்மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1830-களில் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விடுதலை பெற, அங்குக் காப்பி விளைவு குன்றிற்று. இலங்கைக் காப்பிக்கு இங்கிலாந்தில் இறக்குமதி வரியும் குறைந்தது. துரைமார்கள் கண்டி மலைக்காடுகளை வெட்டிச் சாய்த்துக் காப்பி நட்டனர். வேலைக்கு ஆள் வேண்டுமே! தமிழ்நாட்டை நோக்கினர்.

திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம், வடார்க்காடு முதலியவற்றோடு தென்னார்க்காடும் அவ்வாறு ஆள் சென்ற ஜில்லாக்களில் ஒன்று. இன்றைய விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்கள் அக்காலத்துத் தென்னார்க்காடு ஜில்லாவில் அடங்கியவை என்பது அன்பர்கள் அறிந்ததே. கங்காணி என்பான் கிராமத்திற்கு வந்து முன்பணம் கொடுப்பான். நிலமில்லாதவரும், நிலமிருந்தும் மழை பொய்த்துக் கடன்பட்டவரும் அப்பணத்தைப் பெற்றுப் புறப்படுவர். அவருள் பல சாதியாரும் உண்டு. மிகுதியானவர் ஏழைகளினும் ஏழைகள். தெற்கே கடற்கரைவரை நடந்து, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து நீரற்ற காடுகளின் வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். காலராவாலும் பசியாலும் வழியில் மாண்டோர் தொகை மிகப் பெரிது. சேர்ந்தவர்க்கும் லயம் என்னும் வரிசைக் குடில்களே வீடு. வாங்கிய முன்பணமும் வழிச்செலவும் கடனாய் அவர் பெயரில் ஏறி நின்றன. அக்கடன் தீர்ந்ததென்று தோட்டத்துத் துரை எழுதித் தரும் 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்திற்குச் செல்லுதலும் அரிதாயிற்று.

ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. காப்பிப் பழம் பறிக்கும் வேலை ஆண்டின் சில மாதங்களில் மட்டுமே மிகுதி. ஆகவே காப்பிக் காலத்துத் தொழிலாளர் பலர் பறிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பி வயல்வேலையைக் கவனித்தனர். தேயிலைக்கோ ஆண்டுமுழுதும் கொழுந்து பறிக்கவேண்டும். ஆதலின் தேயிலை வந்தபின் குடும்பத்தோடு சென்று அங்கேயே தங்குதல் வழக்கமாயிற்று. காப்பி ஆளை அழைத்துத் திருப்பியனுப்பிற்று. தேயிலை அழைத்து நிறுத்திக்கொண்டது.

இம்மாற்றத்திற்குக் காரணம் ஒரு நோய். 1869-ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டங்களில் இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத்துப் பொடி படர்ந்த துருநோய் காணப்பட்டது. அது காற்றில் பரவும் ஒருவகைப் பூஞ்சணம். மலைமலையாக இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டிருந்தமையால் அதற்குத் தடையே இல்லாமற்போயிற்று. 1880-இல் மார்ஷல் வார்டு என்னும் அறிஞர் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டு, நோயின் இயல்பை ஆராய்ந்து கூறினார். ஆயினும் காலங் கடந்துவிட்டது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்கு 1884-இல் முறிந்தது. துரைமார்கள் காப்பியைப் பிடுங்கித் தேயிலை நட்டனர். இதற்கிடையில் இங்கே 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். ஊரில் சோறில்லாமல் புறப்பட்ட கூட்டம், அங்கே காப்பி அழிந்துகொண்டிருந்த காலத்திலேயே போய்ச் சேர்ந்தது. இருபுறத்து இடரும் அவர் தலையில் விழுந்தன.

இலண்டன் சந்தையில் அக்காப்பி 'சிலோன்' என்ற பெயரோடு நல்ல விலை பெற்றது. தோட்டங்களுக்குத் துரைமார் சூட்டிய பெயர்கள் ஏடுகளில் நிற்கின்றன. மரத்தை வெட்டி, குழிதோண்டி, நாற்று நட்டு, பழம் பறித்துச் சுமந்தவர்களோ பெரட்டுக் கணக்கில் தலைக்கணக்காகவே நின்றனர்.

பெயர் மறைந்த காலமும் மீண்ட காலமும்

இந்தியாவிலும் துருநோய் பரவிற்று. ஆயினும் நிழல்மரங்களின் கீழ்ப் பயிரான மைசூர், குடகு, தமிழ்நாட்டு மலைத் தோட்டங்கள் முற்றும் அழியவில்லை. நோயைத் தாங்கும் வகைகளைத் தேர்ந்தெடுக்கும் முயற்சியும் நடைபெற்றது. 1925-இல் மைசூர் நாட்டுப் பாலேஹொன்னூரில் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கு உருவான 'எஸ். 795' என்னும் அராபிகா வகை இன்றும் நம் மலைகளில் நிறைந்திருக்கின்றது.

1939-இல் மூண்ட யுத்தத்தினால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டது. விலை வீழ்ந்து தோட்டக்காரர் தவிக்க, 1940-இல் அரசாங்கம் ஓர் அவசரச் சட்டமும், 1942-இல் காப்பிச் சந்தை விருத்திச் சட்டமும் செய்தது. அதன்படி தோட்டக்காரர் தம் விளைவைக் காப்பி போர்டின் பொதுக் குவியலில் ஒப்படைக்கவேண்டும். போர்டே ஏலமிட்டு விற்கும். இதனால் சிறு தோட்டக்காரரும் விலை வீழ்ச்சியிலிருந்து பிழைத்தனர் என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் பொதுக் குவியலில் சேர்ந்த கொட்டைக்கு ஊர் ஏது? 'பிளாண்டேஷன் ஏ', 'பீபரி', 'செர்ரி' என்று பருமனும் பக்குவமும் பற்றிய தரப்பெயரே எஞ்சிற்று. நம் பாட்டன்மார் காப்பிக்கொட்டைக் கடையில் 'பீபரி அரைப்பங்கு, பிளாண்டேஷன் அரைப்பங்கு' என்று கேட்டு வாங்கினர். எந்த மலையது என்று அவர்கள் கேட்கவுமில்லை; கேட்டிருப்பினும் கடைக்காரர் சொல்ல வழியில்லை.

இக்கட்டுப்பாடு 1992 முதல் படிப்படியாய்த் தளர்ந்து 1996-இல் முற்றும் நீங்கிற்று. தோட்டக்காரர் தம் கொட்டையைத் தாமே விற்கலாயினர். அமெரிக்காவில் 1974-இல் எர்னா நட்சன் என்னும் வர்த்தகப் பெண்மணி, குறிப்பிட்ட இடத்துச் சீதோஷ்ணத்தால் தனிச்சுவை பெற்ற கொட்டைகளைச் 'சிறப்புக் காப்பி' என்று பிரித்துக் கூறினார். தேர்ந்த சுவைஞர் 100-க்கு 80 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் அளிக்கும் கொட்டையே அப்பெயருக்கு உரியது என்னும் முறையும் பின்னர் வழக்கிற்கு வந்தது. அவ்வழக்கு நம் நாட்டையும் அடைந்தது. இந்தியக் காப்பி போர்டு 13 காப்பிப் பிரதேசங்களைத் தனித்தனியே குறிக்கின்றது. சேர்வராயன், நீலகிரி, ஆனைமலை, பழனிமலை என்னும் நான்கும் அவற்றுள் அடங்கும். 2019-இல் குடகு அராபிகா, வயநாட்டு ரொபஸ்டா, சிக்கமகளூர் அராபிகா, அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகா, பாபா புடன் கிரி அராபிகா என்னும் ஐந்திற்குப் புவிசார் குறியீடு என்னும் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. அரக்குப் பள்ளத்தாக்கில் காப்பி பயிரிடுவோர் பெரும்பாலும் மலைவாழ் பழங்குடியினர். தம் மலையின் பெயராலேயே அவர்கள் உலகச் சந்தையில் மதிப்புப் பெற்றனர். அவ்வைந்தனுள் தமிழ்நாட்டு மலை ஒன்றேனும் இல்லாமை வருந்தத்தக்கது.

ஆதலின் காப்பி வாங்கும் அன்பர்கள் மூன்று வினாக்களை எழுப்புவாராக. முதலாவது, கொட்டை எந்த மலையது? இரண்டாவது, என்று வறுக்கப்பட்டது? மூன்றாவது, சிக்கரி எவ்வளவு? சிக்கரி என்பது காப்பியன்று. குஜராத்தில் மிகுதியாய்ப் பயிராகும் ஒரு கிழங்கு வேர். கலவைத் தூளில் காப்பி 100-க்கு 51 பங்கேனும் இருக்கவேண்டும் என்பது சட்டம். அதாவது 49 பங்குவரை கிழங்காயிருக்கலாம். கலவையை விரும்புவோர் அறிந்தே வாங்குக. மலையின் பெயரைக் கேட்டு வாங்குவோர் பெருகினால், ஏற்காட்டுச் சிறு விவசாயியின் கொட்டை பெயரற்ற மூட்டைகளோடு கலந்து குறைந்த விலைக்குப் போகாது.

நாம் செய்யத்தக்கது

இனி, இக்கட்டுரையின் முடிவான கருத்தைக் கூறுவோம். பிறந்த இடம் தெரிந்த கொட்டைக்கு உலகம் மிகுந்த விலை கொடுக்கின்றது. அதே கொட்டைக்காகக் கடல் கடந்த மனிதருக்கோ பிறந்த இடமே வழக்காய் முடிந்தது. 1948-ஆம் ஆண்டு இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தார் என்றேனும், பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தனர் என்றேனும் மெய்ப்பிக்கும்படி கேட்டது. லயத்தில் பிறந்தவர்க்குப் பத்திரம் ஏது? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, சுமார் 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு தேசங்களும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பொதுக் குவியலிலிருந்து மூட்டைகளைப் பங்கிடுவது போலவே மனிதரைப் பங்கிட்டனர். திரும்பி வந்தவருள் பலர் தாம் கண்டறியாத தமிழ்நாட்டில் தம் முன்னோர் ஊரைத் தேடி அலைந்தனர். ஊர்ப்பெயர் தெரிந்தவர்க்கு ஒரு வாசலேனும் இருந்தது, தெரியாதவர்க்கு அதுவுமில்லை.

ஆகையால் சங்கத்து அன்பர்களுக்கும் குடும்பத்தார்க்கும் நம் வேண்டுகோள் இது. தங்கள் வீட்டு முதியோரிடம், நம் குடும்பத்தில் கண்டிச் சீமைக்கோ, ஏற்காட்டுக்கோ, நீலகிரிக்கோ, புதுச்சேரி வழியாகத் தீவுகளுக்கோ சென்றவர் யார், எந்தத் தோட்டத்திற்குச் சென்றார், எவ்வழியாய்ச் சென்றார், திரும்பினாரா, அங்கே தங்கினாரா என்று கேட்டு, அவர்கள் உள்ளபோதே எழுதி வையுங்கள். பழைய கடிதம், துண்டு, பாஸ்போர்ட்டு, காணியாட்சிப் பத்திரம் ஏதேனும் பெட்டியடியில் இருப்பின் கறையான் தின்னாமல் காப்பாற்றுங்கள். செல்வர் குடும்பங்களின் வமிசாவளி பலவாறாகக் காக்கப்பட்டு வந்தது. மலையேறிய ஏழையின் வமிசாவளியை அவன் பேரப்பிள்ளைகளே எழுதினாலன்றி வேறெவரும் எழுதப்போவதில்லை. அங்ஙனம் எழுதியவற்றைத் திரட்டி வைப்பதினும் மேலான பணி நம் சங்கத்திற்கு வேறுண்டோ என்பதை அன்பர்கள் சிந்திப்பார்களாக.